எண்ணெய்ப் பெட்டிக்குள் கடல்

20 ஜனவரி 2025, திங்கள்

இன்றும் ஒரு மோட்டாரும் வரவில்லை. இந்த மழைக்குக் கண்மாயெல்லாம் நிறைந்து கிடக்கிறது, கரிசல் காடு முழுக்கப் பச்சை. கோயில்பட்டி ஊரே சந்தோஷமாக இருக்கிறது, போர்வெல் மோட்டார் பழுது பார்க்கிற எங்களைத் தவிர. மோட்டாரை ஓட்டினால்தானே அது எரிந்து போகும்?

என் வீட்டுக்காரரின் தாய்மாமா கருப்பசாமி மறுபடி போன் பண்ணினார். அவர் மேனேஜராக இருக்கிற தீப்பெட்டி ஆபீசில் ஃபிட்டர் வேலை காலியாம். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இவர், என் வீட்டுக்காரர், போனை வைத்துவிட்டுக் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார், வாங்க வந்தவர் பார்க்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையை மூடினால் நான் என்ன செய்வேன்? மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றத் தெரியும், பேரிங் மாற்றத் தெரியும். சும்மா உட்காரத் தெரியாது.

சாயங்காலம் வேம்பார் கடற்கரையிலிருந்து குட்டியானை வண்டியில் ஒரு படகு மோட்டார் வந்து இறங்கியது. பைபர் படகின் பின்னால் தொங்குமே, அது. கூட வந்தவர் சந்தியாகு அண்ணாச்சி. விளாத்திகுளத்தில் யாரோ எங்கள் பேரைச் சொன்னார்களாம்.

"கடலுக்குப் போயிட்டு வந்தா கியர் ஆயிலுக்குள்ள தண்ணி பூந்துருது தங்கச்சி. கீழ்ப்பெட்டியவே புதுசா மாத்தணும்ங்காவ. அதுக்கு நான் படகையே வித்துட்டுப் போயிரலாம்."

இவர் வாயைத் திறக்குமுன் நான் "பாக்குதோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

வண்டி போனதும் இவர் கேட்டார்: "ஏட்டி சுகுணா, நம்ம ஊருல கடலு எங்கன இருக்கு?"

21 ஜனவரி

பிரித்துப் போட்டாயிற்று. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. கீழ்ப்பெட்டிக்குள் கியர், அதைச் சுற்றி எண்ணெய். பெட்டியைத் துளைத்துக்கொண்டு ஒரு ஷாஃப்ட் வெளியே வருகிறது, அதன் நுனியில்தான் தண்ணீரைத் தள்ளும் விசிறி. ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில் இரண்டு ஆயில் சீல், ரப்பர் வளையம். விசிறியைக் கழற்றினால் பின்னால் மீன் வலையின் நைலான் நரம்பு கண்டபடி சுற்றி, சீலின் ரப்பரை அறுத்து வைத்திருக்கிறது. வடிந்த எண்ணெய், தண்ணீர் கலந்து, பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது.

இதற்கா புதுப்பெட்டி!

ஒரு கூத்து. இரண்டு சீலில் ஒன்றை எவனோ திருப்பிப் போட்டிருக்கிறான். சீலின் வாய், ஷாஃப்டைக் கவ்வுகிற ரப்பர் விளிம்பு, எண்ணெயைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். எங்கள் கடைக்கு அதுதான் வேதம். புதுசு இரண்டையும் ஒழுங்காக, எண்ணெயைப் பார்த்து அடித்து இறக்கினேன். பெட்டிக்குள் காற்றடித்து, பஞ்சர் பார்ப்பதுபோல் தொட்டித் தண்ணீரில் முக்கினோம். ஒரு குமிழிகூட இல்லை. இவரைப் பார்த்தேன். இவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

22 ஜனவரி

மோட்டார் வேம்பாருக்குத் திரும்பிப் போய்விட்டது. நாளெல்லாம் பாடிக்கொண்டே இருந்தேன். இவர் ரேடியோவை அணைக்கச் சொன்னார், ரேடியோ ஓடவே இல்லை.

25 ஜனவரி, சனி

போச்சு.

"தங்கச்சி, ஆயிலு மறுபடியும் பாலா இருக்கு." போனில் அண்ணாச்சி கோபமாகக்கூடப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இவர் கையைக் கழுவினார். பிறகு மெதுவாக, "மாமாட்ட வாரேன்னு சொல்லிருதேன்" என்றார்.

சொல்லுங்க. போங்க. தீப்பெட்டி ஒட்டுங்க. நான் எதுக்கு இங்கன, எனக்கு என்ன தெரியும் — இப்படியெல்லாம் கத்தினேன். எதிர்க்கடைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

26 ஜனவரி

காலைப் பூசை முடிந்த கையோடு அண்ணாச்சியே மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மறுபடி காற்றடித்தேன், மறுபடி முக்கினேன். குமிழி இல்லை. எண்ணெய் வடிக்கிற திருகாணியின் வாஷரை மாற்றினேன். ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இல்லை, இல்லை, இல்லை. ஓட்டையே இல்லாத பெட்டிக்குள் கடல் எப்படி நுழைகிறது?

"ஒருவேள அண்ணாச்சி ஆயிலுக்குப் பதிலா மோர ஊத்துதாரோ" என்றார் இவர். சிரிப்பு வந்துவிட்டது. நேற்றைய சண்டைக்கு அதுதான் சமாதானம் போல.

27 ஜனவரி, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

எட்டயபுரத்துக்காரர் ஒருவர் ஃபுட் வால்வு வாங்க வந்தார். குழாயின் அடியில் மாட்டுவோமே, ஏறிய தண்ணீர் இறங்காமல் பிடித்துக்கொள்ளும். வாங்குகிற எவரும் அதை வாயில் வைத்து ஊதிப் பார்க்காமல் வாங்கியதில்லை. அவரும் ஊதினார். ஒரு பக்கம் காற்று போனது. திருப்பி ஊதினார், போகவில்லை. "சரியா இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அப்படியே நின்றேன். ஒரு பக்கம் போகும், மறுபக்கம் போகாது. சீலும் அதுதானே! நான் காற்றை உள்ளேயிருந்து அடிக்கிறேன். உள்ளே பார்த்த வாய் காற்று அடிக்க அடிக்க இறுக்கிப் பிடிக்கும். எண்ணெய் வெளியே போகாதுதான். ஆனால் கடல் உள்ளேயா இருக்கிறது? ஓடிச் சூடான பெட்டி கடல் தண்ணீரில் குளிரும்போது உள்ளே உறிஞ்சும். வெளியிலிருந்து வருகிற தண்ணீருக்கு என் இரண்டு சீலும் கதவைத் திறந்து விடுகின்றன.

பிரிட்ஜ் மெக்கானிக் லிங்கராஜிடம் காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்பு இருக்கிறது. இரவல் வாங்கிவந்து பெட்டியில் மாட்டினேன். பம்பு மீட்டரின் முள் ஏறியது, பம்பை நிறுத்தியதும் இறங்கியது; எங்கோ காற்று உள்ளே நுழைகிறது. சீலைச் சுற்றிச் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றி, இவரை ஷாஃப்டைச் சுற்றச் சொன்னேன். திறந்து பார்த்தால் உள்ளே நீலம்!

திருப்பிப் போட்டவன் தப்பாகப் போடவில்லை. ஒரு வாய் எண்ணெயைப் பார்க்க வேண்டும், இன்னொன்று கடலைப் பார்க்க வேண்டும். சரியாக இருந்ததைச் சரிசெய்தவள் நான்தான்.

புது சீல் வாங்கி, அவன் போட்டிருந்தபடியே ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் பார்க்கப் போட்டேன். காற்றடித்தேன், நின்றது. உறிஞ்சினேன், நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்து முடிக்கும்வரை முள் அசையவில்லை. இவர் முள்ளை விரலால் தட்டிக்கூடப் பார்த்தார்.

"மாமாட்ட சொல்லிட்டீகளா?" என்று கேட்டேன்.

"இன்னும் நாள் கெடக்குல்லா" என்றார்.

28 ஜனவரி

மோட்டாரோடு நானும் வேம்பாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டேன். எண்ணெயை எல்லார் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும். மறுபடி பாலாக வந்தால்? வரட்டும், நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

30 ஜனவரி, வியாழன்

நாங்கள் இரண்டு பேரும் வேம்பார்க் கரையில் காத்திருக்க, கடலுக்குப் போன படகு வெயில் ஏறத் திரும்பியது. மோட்டாரைக் கழற்றி மணலில் பலகைமேல் கிடத்தினார்கள். கரையில் நல்ல கூட்டம். "கோயில்பட்டிக்காரி கடல் மோட்டாரப் பாக்க வந்திருக்காளாம்" என்று எவரோ சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது.

அடித் திருகாணியைக் கழற்றினேன். அடியில் ஒரு சட்டியை வைத்தேன். எண்ணெய் வந்தது. ஊற்றியது ஊற்றியபடி, செக்கு நல்லெண்ணெய் நிறத்தில், ஒரு சொட்டு வெள்ளை இல்லாமல். கடைசிச் சொட்டுவரை பிடித்து, சட்டியை வெயிலில் தூக்கிக் காட்டினேன். சிரித்தவர்களும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள். சந்தியாகு அண்ணாச்சி விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏலே, வந்து பாருங்கலே! படக வித்துரலாம்னு இருந்தேன், பாருங்கலே!"

அவர் வீட்டம்மா என் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் அழுதேன் என்று இவர் சொல்கிறார். இவர் மட்டும் என்னவாம்! சட்டியை வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் ஒவ்வொருத்தரிடமும் போய், "என் வீட்டம்மா செஞ்சது" என்று காட்டிக்கொண்டு திரிந்தார்.

6 பிப்ரவரி

மாசம் முடிந்தும் பதில் வராததால் கருப்பசாமி மாமா நேரிலேயே வந்துவிட்டார். வாசலில் கால் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன மருமவனே, மீன் யாவாரமா? வேலைக்கு வாரியா, இல்லியா?"

இவர் கியர் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மொதலாளியம்மாட்ட கேளுங்க மாமா" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, உட்கார ஒரு பெஞ்சைக் காலி பண்ணப் பார்த்தேன். முடியவில்லை. எல்லாவற்றிலும் படகு மோட்டார்.