தெரியாததை ‘இல்லை’ என்று பதிந்ததைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
லிப்ட் பழுதுபார்ப்பவர்,
மாடிக் குடியிருப்பு, பாலத்தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தேசிய மின்னணு சுகாதாரப் பதிவகம்.

பொருள்: முதிர்ச்சி மதிப்பீட்டுக்காகப் பூட்டப்பட்ட என் மனைவியின் மருத்துவப் பதிவில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் மின்னணு சுகாதார அமைப்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று அளந்து வருகிறீர்கள். ‘நான்காம் நிலையை எட்டிவிட்டோம்’ என்று எங்கள் மருத்துவமனை வாசலில் பதாகை கட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சி.

2. பதிவில் கட்டம் காலியாக இருந்தால் இந்த முதிர்ச்சி மதிப்பீட்டில் மருத்துவமனைக்கு மதிப்பெண் குறையுமாம். மருந்து ஒவ்வாமைக் கட்டத்துக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என இரண்டே விடைகள். ஆகவே காலியாக இருந்தவர்களுக்கெல்லாம், ஒரு வார்த்தை கேட்காமல், ‘இல்லை’ என்று நிரப்பிவிட்டார்கள். என் மனைவிக்கும் அப்படியே. அவளுக்குப் பென்சிலின் ஆகாது.

3. சென்ற மாதம் காய்ச்சலோடு போனபோது அவளே இதைச் சொன்னாள். செவிலியர் திரையைப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர்ல இல்லைன்னுதானே இருக்கு, பயப்படாதீங்க அக்கா” என்று கனிவாகவே ஊசி போட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. திரையை நம்பத்தான் அவருக்குப் பயிற்சி. முகம் வீங்கி, மூச்சுத் திணறி, என் மனைவி என் கண்ணெதிரே சரிந்தாள். பிழைத்தது மறுபிறவி.

4. அதன் பிறகும் பதிவில் ‘இல்லை’ என்றே இருக்கிறது. திருத்தக் கேட்டால், “மதிப்பீடு முடியற வரைக்கும் பூட்டியாச்சு சார், ஒரு எழுத்துகூட மாத்த முடியாது” என்கிறார் பதிவு எழுத்தர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் ஆளையே கொல்லப் பார்த்தது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பிள்ளையைத்தான் எங்கள் வீட்டில் விவரமான பிள்ளை என்போம். தங்கள் மதிப்பீட்டில் அதற்கு மதிப்பெண் இல்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

5. வரும் வியாழனன்று வேறொரு மருத்துவமனையில் அவளுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. அங்கும் இதே பதிவுதான் திரையில் வரும். நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். தலையாட்டுகிறார்கள், பிறகு திரையைப் பார்க்கிறார்கள்.

ஆகவே, வியாழனுக்குள் அவள் பதிவைத் திறந்து ‘உண்டு’ என மாற்ற ஆணையிடுங்கள். மற்றவர்களுக்காக ‘தெரியாது’ என்றொரு விடையையும் சேர்த்து, அதற்கு மதிப்பெண் குறைக்காதிருங்கள். சென்ற முறை அவள் வாய்விட்டுச் சொல்லியும் திரையைத்தான் நம்பினார்கள். இம்முறை மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள் ஐயா. அவளால் சொல்லக்கூட முடியாது.

இடம்: வெளிநோயாளிகள் கூடம்
நாள்: திங்கட்கிழமை

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நோயாளியின் கணவன்