மேலிடத்தை விட்டு எழாத விருந்தாளி

நாரின்,
மார்ச் 2

என் செல்லப் பெகாயிம்,

குதிரை, ஆடுகள், உன் அம்மா எல்லாரும் இங்கே சுகம். உன் சுகம் எப்படி என்று நேற்று நீ அனுப்பிய செய்தியே சொல்லிவிட்டது, போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொள்வாள் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். முதலில் என் வெட்கக்கேட்டைக் கேள். உன்னைப் போலவே நானும் மனநல மருத்துவரிடம் போனேன், இலையுதிர் காலத்திலிருந்து காலையில் பூட்ஸ் மாட்டுவதே மலையேறுவதுபோல இருந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று உன் அண்ணனின் கறுப்புக் கண்ணாடியும் அம்மாவின் கம்பளிச் சால்வையுமாக ஆஸ்பத்திரியில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தவர் உன் அண்ணியின் அப்பா, நம் சம்பந்தி ஜுமாகுல். "பல்வலி, சம்பந்தி" என்றார். "எனக்கும் அதே பல்லுதான்" என்றேன்.

மருத்துவர் புருல்சா கெட்டிக்காரி, உனக்குப் போலவே எனக்கும் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். "முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமே தெரியாது, உடனே வந்து என்னைத் திட்டாதீங்க" என்றாள். ஏனாம்? மூளையில் ஒவ்வொரு செல்லின் தோலிலும் கொழுப்புத் திட்டுகள் உண்டாம், சேதியை உள்ளே கொண்டுபோக வேண்டிய புரதம் அந்தத் திட்டில் சொகுசாக உட்கார்ந்துவிடுகிறதாம், மாத்திரை அங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அதை வெளியே நகர்த்துகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் சொல்கிறார்களாம். "அட, இது நம்ம ஜுமாகுல்!" என்று கத்திவிட்டேன், அவர் கதவுக்கு வெளியேதான் நின்றிருக்கிறார். விருந்துக் கூடாரத்தில் வாசலுக்கு எதிரே மெத்தை போட்ட மரியாதை இடமான மேலிடத்தில் அவர் உட்கார்ந்தால் யார் எழுப்புவது? விருந்தாளியை எழுந்திரு என்றால் ஏழு தலைமுறைக்கும் பழி. ஆனால் அவருக்கு மூத்தவர்கள் ஒவ்வொருவராக வரவர, மனிதர் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வாசலோரம் வந்துவிடுவார், வாசலோரம் இருப்பவர்தானே தேநீர் ஊற்ற வேண்டும்? அப்புறம் கூடாரத்துக்கே தேநீர் கிடைக்கும். உன் மாத்திரைகள்தான் அந்த மூத்தவர்கள், நாளுக்கு ஒருவர். "ஒன்பது நாளாச்சு, ஒரு மண்ணும் ஆகல, நிறுத்தப்போறேன்" என்கிறாயே, ஒன்பது பேர் வந்ததும் கதவைச் சாத்தினால் ஜுமாகுல் மெத்தைக்கே திரும்பிவிடமாட்டாரா? உன் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதே, முழுப் பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகுமாம், பொறு. என்னைப் பார், நேற்று நானே பூட்ஸ் மாட்டிக் குதிரைக்குத் தண்ணீர் காட்டினேன், பாடினேன்கூட. "இந்தக் குரலுக்கு நீங்க சோகமாவே இருந்திருக்கலாம்" என்றாள் உன் அம்மா. அந்த அளவுக்குத் தேறிவிட்டேன்.

உன் வழி வெண்மையாக இருக்கட்டும் மகளே, சியோல் குளிரில் காதை மூடிக்கொள். இன்றைய மாத்திரையைப் போட்டுவிட்டு எனக்கு இரண்டு வரி எழுது.

உன் அப்பா,
டொக்டோசுன்

பி.கு.: தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த உன் அம்மா இதையும் எழுதச் சொல்கிறாள்: நான் மாத்திரை தொடங்கி இன்று நான்காவது நாள்.