முட்டியை மறைத்த ஆட்டக்காரர்

அன்புள்ள எப்சிக்கு,

கர்த்தருடைய கிருபையில் இருக்கிறேன். நீயும் நம் மகள் ரீபாவும் சுகமா?

ஷில்லாங்குக்குக் கிளம்பிய அன்று, "ரிட்டையர் ஆன பொறவு எதுக்கு ஆஸ்டல் வார்டன் வேலைக்குப் போறிய? ஒங்க முட்டி தாங்குமா?" என்று கேட்டாய். தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை படியில் சறுக்கிவிட்டேன். பயப்படாதே, வீக்கம்தான்.

ஐஸ் வைத்துக் கட்டியவர் எங்கள் கால்பந்துக் கோச் உல்ரிச். ஜெர்மனியில் பெரிய ஆட்டக்காரராக இருந்தவர். முட்டி வலியை டாக்டரிடம் மறைத்து மூன்று மேட்ச் ஆடினாராம். இருபத்தேழு வயதிலேயே ஆட்டம் முடிந்தது. பிறகுதான் கோச் ஆனார். இப்போது எவன் நொண்டினாலும் உடனே வெளியே உட்காரவைத்துவிடுகிறார்.

"வீட்டுக்குச் சொன்னீர்களா?" என்றார். நீ மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதை ரீபா சொல்லியிருந்தாள். "இல்லை, என் மனைவியும் அவள் முட்டியை என்னிடம் மறைக்கிறாள்" என்றேன். "அப்படியானால் இருவருமே வெளியே உட்கார வேண்டியவர்கள்" என்றார்.

நாற்பது பையன்களை எழுப்பி, சாப்பிடவைத்து, படுக்கவைப்பதற்குள் அலுத்துப்போகிறேன். மார்ச்சோடு வந்துவிடுகிறேன். அதுவரைக்கும் தைலம் ஒரு குப்பி அனுப்பு. மில் சங்கு ஊதினால் உன் அப்பா ஓடுவாரே, அப்படி நானும் போக வேண்டும், இங்கே சாப்பாட்டு மணி அடிக்கிறது.

உல்ரிச் சொன்னதை இன்றே செய்து பார்: நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலை நேராக நீட்டி, பத்து எண்ணி, பைய இறக்கு.

ஜெபசீலன்