கடைசிச் சுற்றில் உன் குரல்

என் ஜெனி மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் நான் ஒன்றைப் பார்த்தேன். இன்று காலை வெள்ளவத்தைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். வந்த மூன்று பஸ்ஸையும் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம்மைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன், கோபிக்காதே.

நீ என் அண்ணாவின் மனைவி. கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிற வேலை. கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் உன்னை அண்ணி என்றேன். "அண்ணி எல்லாம் வேணாம். எனக்கும் உனக்கும் ஒரே வயசு," என்றாய். அன்றே மச்சாள் ஆனாய். அன்றே என் போனை எட்டிப் பார்த்து, "இது என்ன, ஆளாளுக்குச் சுடுறீங்க?" என்று கேட்டாய்.

இரண்டு பேருக்கு இரண்டு பேர் மோதும் விளையாட்டு அது. நீ கொட்டாஞ்சேனையில் அண்ணாவோடு உன் வீட்டிலும் நான் வெள்ளவத்தையில் என் வீட்டிலும் இருந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் கதைத்தபடி விளையாடுவோம். முதல் வாரம் முழுக்க நீ சுவரைத்தான் சுட்டாய். எனக்குச் சிரிப்பு. ஆனால் ஒரு மாதம் போனதும் நீ கேட்ட கேள்வியில் என் சிரிப்பு நின்றது.

"ரெண்டு வருசமா விளையாடுற. ஏன் அதே தரத்துல நிக்கிற?"

நிறைய விளையாடினால் தானாக வரும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் ஒரு பட்டியலோடு வந்தாய். பாமசியில் மருந்துப் பைக்கு மேல் "உதே எகய், ரே தெகய்" என்று, காலை ஒன்று இரவு இரண்டு என்று, சிங்களத்தில் சொல்லிச் சொல்லி எழுதுகிறவள் அல்லவா? அதே மாதிரி எனக்கும் எழுதியிருந்தாய். ஏழு மணிக்கு உட்கார்ந்ததும், முதல் பதினைந்து நிமிடம் குறி பார்த்துச் சுடும் பயிற்சி மட்டும். பிறகு போட்டி ஆட்டம் இரண்டே இரண்டு, மூன்றாவது கிடையாது. தோற்ற ஆட்டத்தை அன்றோ மறுநாளோ பதிவில் முழுதாகப் பார்க்க வேண்டும், அதுவும் மற்றவளின் திரையிலிருந்து. ஞாயிறு விளையாட்டே இல்லை. பார்த்து முடிந்ததும், இருவரும் போனில் திறக்கக்கூடிய ஒரு குறிப்புப் பக்கத்தில் அவரவர் பிழையை எழுத வேண்டும்.

"உன் பிழைய நீ எழுது. என் பிழைய நான் எழுதுறேன். மாறி எழுதினா சண்டைதான் வரும்."

குறி பார்க்கும் பயிற்சி எனக்குப் பிடித்தது. இரண்டு ஆட்டத்தோடு நிறுத்துவது கஷ்டமாக இருந்தாலும் பழகிவிட்டேன். பதிவைப் பார்ப்பதுதான் முடியவில்லை. தோற்றதை இன்னொரு தரம் உட்கார்ந்து பார்ப்பதற்கு எனக்கு என்ன பைத்தியமா? பார்த்தேன் என்று உனக்குப் பொய் சொன்னேன். பிழைப் பக்கத்தில் "அவசரப்பட்டேன்", "அவசரப்பட்டேன்" என்று வாய்க்கு வந்ததை எழுதி வைத்தேன். நீ நம்பினாயா, இல்லாவிட்டால் தெரிந்தும் பேசாமல் இருந்தாயா?

ஐந்து மாதத்தில் மூன்று தரம் மேலே போனோம். பெண்களுக்கான போட்டி ஒன்றில் அரையிறுதி வரை வந்தோம். அரையிறுதியில் சுற்றுகள் சமமாகி, கடைசிச் சுற்று மட்டும் மிச்சம். நான் முன்னால் போனேன். இடப்பக்கப் படிக்கட்டில் ஒளிந்திருந்தவள் என்னைச் சுட்டாள். தனியாக நின்ற உன்னையும் இருவருமாகச் சுற்றி வளைத்தார்கள். முடிந்தது.

உடனே உனக்குப் போன் எடுத்தேன். "படிக்கட்டு உன்ர பக்கம். ஆள் நிண்டது உனக்குத் தெரிஞ்சிருக்கும். வாயில என்ன இருந்தது? ஒருக்காச் சொல்லியிருந்தாப் போதுமே. உன்னை நம்பி நான் வந்திருக்கக் கூடாது."

"சரி, பிறகு ஆறுதலாக் கதைப்பம்," என்றாய்.

மூன்றாம் நாள் உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "ஆட்டத்தைப் பாத்தியா?" அவ்வளவுதான். குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். பதில் போடவில்லை.

பன்னிரண்டாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, பாமசியில் நின்றபடியே தலையைப் பிடித்துக்கொண்டு நீ விழுந்துவிட்டாய். மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததாம். அண்ணா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உன்னை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போன ஒருத்தி பின்னேரம் இல்லை என்றால் யாரால் நம்ப முடியும்? நான் இன்னும் நம்பவில்லை, மச்சாள்.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வரும்போது அண்ணா உன் போனை என் கையில் தந்தார். "உந்த விளையாட்டுச் சாமான் எல்லாம் இதில கிடக்கு. எனக்குப் பாக்க ஏலாது. நீ எடு," என்றார். ஒரு வாரம் அதைத் தொடவில்லை. நேற்றுத்தான் திறந்தேன். உன் குரலைக் கேட்கலாம் என்ற ஆசையில் அரையிறுதிப் பதிவைப் போட்டேன்.

கடைசிச் சுற்று வந்தது. உன் குரல் தெளிவாகக் கேட்டது.

"தாரணி, இடப்பக்கம். படிக்கட்டுல ஒருத்தி. தாரணி, போகாத. படிக்கட்டு, படிக்கட்டு."

நிறுத்தினேன். திரும்பப் போட்டேன். மூன்று தரம் கேட்டேன். பிறகுதான் திரையின் மூலையில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் படத்தைக் கண்டேன். குறுக்கே கோடு போட்ட ஒலிபெருக்கி. ஒருத்தி தன் துணையின் குரலை அணைத்துவிட்டால், அந்தத் துணையின் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் வருகிற அடையாளம் அது.

நான்தான் அணைத்திருந்தேன். அதற்கு முந்திய சுற்றில் நீ ஓயாமல் கதைப்பது எரிச்சலாக இருந்தது. ஒரு நிமிடம் அமைதி வேண்டும் என்று உன் குரலை நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துபோனேன். மறந்ததையும் மறந்துவிட்டு உனக்குப் போன் எடுத்துக் கத்தினேன்.

உனக்கு அது தெரிந்திருக்கிறது. உன் திரையில்தானே கிடந்தது? அப்படியிருந்தும் நீ சொல்லவில்லை.

பிழைப் பக்கத்தைத் திறந்தேன். அந்த ஆட்டத்துக்கு நேரே உன் பக்கத்தில் எழுதியிருந்தாய்: "குரல் போகேல்ல என்று கண்டும் வாயால கத்திக்கொண்டே நின்றேன். வரைபடத்தில் குறி போட்டுக் காட்டியிருக்க வேணும். இனித் தினமும் பத்து நிமிடம் கதைக்காமல், குறியால் மட்டும் பயிற்சி." என் பக்கம் வெறுமையாக இருந்தது. நான் எப்போது வேண்டுமானாலும் திறந்திருக்கக்கூடிய பக்கம். உன் கடைசிப் பன்னிரண்டு நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

அப்படியே எழுந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அண்ணா சேர்ட் அயன் பண்ணிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, ஜெனியில பிழை இல்லை. நான்தான் அவளின்ர குரலை நிப்பாட்டி வச்சிருந்தனான்."

அவர் நிமிரவில்லை. "தெரியும்."

"எப்பிடி?"

"அண்டைக்கே சொன்னவள். நான் உனக்குப் போன் எடுத்துப் பேச வெளிக்கிட, விடேல்லை. 'நான் சொன்னா அவ எனக்காக ஒத்துக்குவா. அவளாப் பாத்தாத்தான் திருந்துவா. ஒரு நாள் அவளே பார்ப்பா' எண்டவள்."

"நீங்களாவது பிறகு சொல்லியிருக்கலாமே?"

அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லுற நிலையில நான் இருந்தனானே? ஒரு மாசமா உன்ர முகத்தைப் பாக்க எனக்கு விருப்பமில்லை. உனக்கு அதுகூட விளங்கேல்லையோ?"

விளங்கவில்லை, மச்சாள். துக்கத்தில் கதைக்காமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பூசையில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடிந்த பிறகு, "போட்டுக் காட்டு," என்றார். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து பார்த்தோம். நடுவில், எங்கேயோ பின்னால், அண்ணாவின் குரல் கேட்டது. "ஜெனி, தேத்தண்ணி ஆறுது." நீ சுடுவதை நிறுத்தாமல், "ரெண்டே நிமிசம், வாறேன்," என்கிறாய். அண்ணா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எத்தனை தரம் என்று தெரியாது. கடைசியில் என் தோளில் கையை வைத்து, "சாப்பிட்டிட்டுப் போ," என்றார்.

மாளிகாவத்தை ரிஸ்னா, அரையிறுதியில் நம்மைத் தோற்கடித்த இருவரில் ஒருத்தி, நீ போன செய்தி கேட்டு எழுதியிருந்தாள். தன் துணை வெளிநாடு போய்விட்டதாகவும், நான் சேர்ந்து விளையாடுவேனா என்றும் கேட்டிருந்தாள். இன்று பதில் போட்டேன். முதலில் நான் உனக்குச் செய்ததைச் சொன்னேன். பிறகு உன் பட்டியலை அனுப்பினேன், குறியால் காட்டும் அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்து. யோசித்துவிட்டுச் சொல்லட்டும். அவள் வேண்டாம் என்றாலும் அது நியாயம்தான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அண்ணாவோடோ வேறு யாரோடோ எனக்குக் கோபம் வந்தால், அன்றே போய் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை முடியும்வரை கேட்பேன். மறுநாளுக்கு வைக்க மாட்டேன். மறுநாள் ஆள் இருக்கும் என்று இனி நான் நம்புவதில்லை, மச்சாள்.

உன்னைக் கேட்காமல் போன,
உன் மச்சாள் தாரணி
வெள்ளவத்தை