கீழிருந்து ஏழாவது பெயர்

மார்ச் 9, 1983. மட்டாஞ்சேரி

காலை ஆறு மணியிலிருந்து மிளகுக் கிடங்கில், தொலைபேசிக்கு அருகே. இன்று ஸ்டாண்ட்பை. ஒரு விமானி வராமல்போனால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் வெலிங்டன் தீவு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வீட்டில் தொலைபேசி இல்லை. கிடங்குக்காரர் முக்காலி ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார். மணி அடிக்கவேயில்லை. சீருடையெல்லாம் மிளகு நெடி.

மாலையில் சுற்றறிக்கை. கம்பெனி பஹ்ரைனில் புதிதாக ஒரு பணித்தளம், ‘பேஸ்’, திறக்கிறது. துணை விமானிகள் ஆறு பேர் அங்கேயே தங்க வேண்டும், மூன்று வருடம். குடும்பத்துக்கு இடமில்லை.

ஸ்வர்ணலதாவுக்கு மூன்றாம் மாதம்.

மார்ச் 11

விதி எளிது. துணை விமானிகள் முப்பத்தொரு பேர். சேர்ந்த தேதிப்படி ஒரே பட்டியல். விருப்பம் கேட்பது மேலிருந்து. யாரும் விரும்பாவிட்டால் ஆள் பிடிப்பது கீழிருந்து. நான் இருபத்தைந்தாவது. கீழிருந்து ஏழு.

அம்மா கொச்சங்காடி சுக்குக் கிடங்கில் மூட்டை எண்ணியே என்னைப் படிக்கவைத்தவள். "ஆறு பேருதானே வேணும்? நீ ஏழு. பின்ன எதுக்குடா மூஞ்சி இப்பிடி இருக்கு?"

ஸ்வர்ணலதா விரல் விட்டு இன்னொரு முறை எண்ணினாள்.

மார்ச் 20

எர்ணாகுளத்தில் சங்கக் கூட்டம். செயலாளர் கேப்டன் வெங்கிடாசலம் மேசையைத் தட்டினார். "ஒருத்தர்கூட விருப்பக் கடிதத்துல கையெழுத்துப் போடக் கூடாது. ஒத்துமையா நின்னா கம்பெனி என்ன பண்ணிரும்?" இன்னொரு தீர்மானமும் உண்டு. கம்பெனி புதிய ஆள் எடுக்காமல், இருப்பவர்களையே நேரம் நீட்டி ஓட்டுகிறார்கள். இனி பணி நேரம் முடிந்தபின் நீட்டிப்புக்கு யாரும் சம்மதிக்கக் கூடாது. எல்லோரும் கைதட்டினோம். நான் பலமாக.

வெளியே ஒச்சப்பன் பிடித்துக்கொண்டான். பட்டியலில் எனக்கு அடுத்த பெயர். உசிலம்பட்டியிலிருந்து வந்து இங்கே ஓட்டல் வைத்தவரின் மகன்.

"சேட்டா, மேல உள்ளவங்கள்ல ஒருத்தர் ஆசப்பட்டுப் போனாக்கூட நான் தப்பிச்சேன். கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"ஒருத்தர் போட்டாலும் ஒத்துமை போச்சுடா."

"ஒங்களுக்கென்ன, ஏழாம் நம்பர்." சிரித்துக்கொண்டே சாயா வாங்கித் தந்தான்.

ஏப்ரல் 2

நான் ஒச்சப்பனிடம் சொன்னது கொள்கையா? அல்லது எண்ணா?

மே 11

பம்பாயிலிருந்து திரும்புகையில் மூன்று மணி நேரத் தாமதம். தீவில் இறங்கியதும் ஆபரேஷன்ஸ் அறையில் கேட்டார்கள். திருவனந்தபுரம் போய் வர ஆளில்லை, இரண்டு மணி நேரம் நீட்டிக்க முடியுமா?

முடியும். களைப்பே இல்லை. முடியாது என்றேன். சங்கத் தீர்மானம். சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது.

ஸ்டாண்ட்பையிலிருந்த ஒச்சப்பனை அழைத்தார்கள். வாசலில் எதிரே வந்தான், மூக்கில் கைக்குட்டை.

"சளியாடா?"

"நாலு நாளா. இந்த மாசம் ரெண்டு வாட்டி லீவு எடுத்தாச்சு சேட்டா. இனியும் சொன்னா மொறைப்பாங்க. அர மணி நேரம்தானே?"

சளியோடு பறக்கக் கூடாது. எங்களுக்குக் கற்றுத்தரும் முதல் பாடங்களில் ஒன்று. அவனுக்குத் தெரியும். எனக்கும். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மே 12

தரையிறங்கும்போது காற்றழுத்தத்தில் அவனுடைய இடது செவிப்பறை கிழிந்துவிட்டது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டே சக்கரத்தை இறக்கினானாம்.

கிடங்குத் தொலைபேசியில் வெங்கிடாசலம். "நீட்டிப்புக்கு மாட்டேன்னுட்டியாமே. சபாஷ்."

ஜூன் 17

மருத்துவக் குழுவின் முடிவு வந்துவிட்டது. ஒச்சப்பனுக்கு இடது காது இனி கேட்காது, பறக்க முடியாது. பம்பாயில் தரைப் பணி. பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள்.

நான் கீழிருந்து ஆறு.

ஜூன் 19

ஒச்சப்பன் வீட்டுக்குப் போனேன். காதில் பஞ்சு.

"அன்னிக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா—"

"நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா? விடுங்க சேட்டா. இனி ஒருத்தனும் என்னை பஹ்ரைனுக்கு அனுப்ப முடியாது. தப்பிச்சேன்." பிறகு என்னையே பார்த்தான். "நீங்க இப்ப ஆறு, இல்லையா? எப்ப எண்ணிப் பாத்தீங்க? சேதி கேட்ட அன்னிக்கேவா?"

கேட்ட அந்த நிமிடமே எண்ணினேன். அவன் காதை நினைத்தது அதன் பிறகு.

ஜூன் 24

வெங்கிடாசலத்தைப் போய்ப் பார்த்தேன். மேலே உள்ளவர்களில் மணமாகாதவர் ஒருவர் இருக்கிறார், போக ஆசையும் உண்டு, அவரையாவது கையெழுத்துப் போட விடுங்கள் என்றேன்.

"ஒருத்தர் போட்டாக்கூட ஒத்துமை போச்சு தம்பி. கொஞ்சம் தியாகம் பண்ணு."

அவர் கேப்டன். எங்கள் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை. ஆனால் இதே வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒச்சப்பனிடம் செலவழித்துவிட்டேன்.

ஜூலை 8

உத்தரவு. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பஹ்ரைன். ஆறு பெயர்களில் முதலாவது என்னுடையது.

"வேலைய விட்ரட்டுமா?" என்று ஸ்வர்ணலதாவிடம் கேட்டேன்.

"விட்டா ஆறாவது ஆள் யாரு?"

"பாலையா."

"அவர் வீட்லயும் சின்னக் குழந்தை. நீங்களே போய் அவர்கிட்டச் சொல்லுவீங்களா?"

உத்தரவைத் திரும்ப மடித்தேன்.

"எனக்கு நீங்க இங்க இருக்கணும். தெனமும் இருக்கணும். ஆனா இன்னொருத்தர் பேர எண்ணிப் பாக்க என்னால ஆகாது. மார்ச்ல ஒருக்க எண்ணினேன். அது போதும்."

அழுதாள். வங்கி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று முகம் கழுவிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 29. பஹ்ரைன்

தந்தி. மகள். நேற்றுக் காலை.

விடுப்பு கேட்டேன். மாற்று ஆள் இல்லை, டிசம்பரில் பார்க்கலாம் என்கிறார்கள்.

அக்டோபர் 3. பஹ்ரைன்

இன்று பம்பாய் போய் வந்தோம். நின்றது ஐம்பது நிமிடம். வெளிநாட்டு பேஸ்காரர்கள் கீழே இறங்கக் கூடாது. என் இருக்கையிலிருந்து தெரிந்தது ஈரமான தரை, ஒரு தண்ணீர் வண்டி, குடை பிடித்த ஒருவர்.

எடைக் கணக்குத் தாளோடு ஏறி வந்தது ஒச்சப்பன்.

"மகள் பொறந்திருக்கா" என்றேன். பக்கத்து விமானத்தின் இரைச்சல். அவன் தலையைத் திருப்பி வலது காதை என் வாயருகே கொண்டுவந்தான். மறுபடி சொன்னேன்.

"சேச்சிக்குச் சுகமா?"

"தெரியலடா. தந்தி மட்டும்தான்."

"நாளைக்குக் கொச்சி ஃப்ளைட் இருக்கு. எழுதித் தாங்க, வீட்ல சேர்க்கச் சொல்றேன்."

பழைய தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதினேன். அவன் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினான். கதவை மூடினார்கள்.