ராணிக்கு ஒரு தனிப்பேச்சு

புதுக்கோட்டை
3.5.2025

அன்புள்ள திலகவதிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கத்தான் பேனா எடுத்தேன், கோபம் முந்திக்கொண்டது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கட்டிய புருஷன் தபால்காரரை நம்ப வேண்டியிருக்கிறது.

திருவரங்குளம் நாடகத்தில் நீ செய்தது சரியா? ராஜா தனியே நின்று புலம்பிவிட்டு, ராணியைக் காட்டுக்கு அனுப்பத் தீர்ப்புச் சொல்கிறான். ராணி காலில் விழுந்து கதற வேண்டும். எத்தனை ஊரில் நாம் ஆடிய கட்டம்! நீ இடுப்பில் கைவைத்து நின்றாய். நான் பழக்க தோஷத்தில் “எழுந்திரு பெண்ணே” என்று சொல்லித் தொலைத்தேன். பபூன் திருப்பதி சும்மா இருப்பானா? “ராசா, இதுக்கு மேல எங்கிட்டு எந்திரிக்கிறது? ஏணி கொண்டாரவா?” என்று கத்துகிறான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

விடிந்ததும் மேக்கப் பெட்டியோடு உன் அக்காள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாய். உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? அக்காள் உண்ணாமலையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
ரெங்கசாமி, ராஜபார்ட்


கட்டுமாவடி
9.5.2025

மாமாவுக்குத் திலகவதி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அக்காள் தினம் மீன் குழம்பு வைத்து என்னைத் தேற்றுகிறாள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

என்ன குறை என்று கேட்கிறீர்கள். அதை மேடையில் நீங்களே சொன்னீர்கள். ராஜா தனியே பேசுவது ராணி காதில் விழாது என்பது நாடக வழக்கம். ஆனால் நான் மேடைத் தட்டிக்குப் பின்னால்தானே நிற்கிறேன்? எனக்குக் காது இல்லையா?

நம் நாடகத்தில் எழுதிவைத்த வசனம் ஏது, வாய்க்கு வருவதுதான். வழக்கமாகச் செங்கோல், குலப்பெருமை என்று பேசி முடிப்பீர்கள். அன்று என் பாட்டுக்குக் கைதட்டல் ஓயவில்லை. அது அடங்குமுன் நீங்கள் நுழைந்தீர்கள். “அவள்மேல் குற்றமில்லை. உலகம் அவளைக் கொண்டாடுகிறதே, அதுதான் என் நெஞ்சைத் தின்கிறது. அவளைத் தேடி வந்தவர்களிடம் தொண்டை கெட்டுவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேனே, பாவி!” என்றீர்கள். நிஜக் கண்ணீர். சனம் உருகியது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கதையில் ராணியின் தொண்டைக்கு என்ன வேலை? நாடகத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்கோடு என்னைத் தேடி யாருமே வருவதில்லையே என்று நான் அழுதபோது, “விடு கழுத, ஒனக்கு நான் இருக்கேன்ல” என்று தலையைத் தடவினீர்கள். அந்தக் காலில் விழச் சொல்கிறீர்களா?

திலகவதி


புதுக்கோட்டை
20.5.2025

அன்புத் திலகா,

ராஜா பேசியதற்கெல்லாம் ரெங்கசாமி பிணையா என்று எழுதி, கிழித்துப் போட்டேன். சரி, உண்மைதான். அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

வீட்டில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. அந்த விளக்கு வெளிச்சத்தில் எதிரே இருக்கிற சனம் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு நானே பேசுவதுபோல் இருக்கும். அன்று வாய் தானாகத் திறந்துகொண்டது. பேசி முடித்தபோது நெஞ்சு லேசானது. நீ கேட்டிருப்பாய் என்று அப்போது தோன்றவே இல்லை.

ஆடியில் நம் இருவரையும் சேர்த்துக் கேட்கிறார்கள். வந்துவிடு. ஒன்று மட்டும்: அந்தக் கட்டத்தில் காலில் விழுந்துவிடு. என் மானம் போகிறது.

உன் ரெங்கசாமி


கட்டுமாவடி
27.5.2025

மாமாவுக்கு,

ஊருக்கே சொன்னீர்கள், எனக்கு மட்டும் சொல்லவில்லை. உங்கள் நெஞ்சு லேசானது; அந்தப் பாரம் எங்கே போனது என்று நினைத்தீர்கள்? தட்டிக்குப் பின்னால் நின்றவள் தலையில்.

வருகிறேன். காலில் விழமாட்டேன். தீர்ப்புச் சொன்னதும் நீங்கள் உள்ளே போய்விட வேண்டும். ராணி மேடையில் தனியே நிற்பாள். அவளுக்கும் ஒரு தனிப்பேச்சு வேண்டும். நான் நின்ற இடத்தில் நின்று நீங்கள் கேட்க வேண்டும். சம்மதம் என்றால் எழுதுங்கள்.

திலகவதி


புதுக்கோட்டை
2.6.2025

திலகவதிக்கு,

ராணிக்குத் தனிப்பேச்சு எந்தக் காலத்தில் இருந்தது? தப்பு செய்கிறவன் ராஜா, அழிகிறவன் ராஜா, அதனால் புலம்பல் அவனுக்கு. காட்டுக்குப் போகிறவள் அழுதுகொண்டே போனால் போதும். முடியாது. உன் இஷ்டம் அதுதான் என்றால் அங்கேயே கருவாடு காயவை.

ரெங்கசாமி


கட்டுமாவடி
11.8.2025

மாமாவுக்கு,

கருவாடும் காயவைத்தேன், நாடகமும் ஆடினேன்.

அக்காள் வீட்டு வாசலில் நான் பாடுவதைக் கேட்டு, ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். “தொண்ட சரியாயிருச்சாத்தா?” என்றார்கள். “கெட்டாத்தானங்க சரியாகுறதுக்கு” என்றேன். மதுரைப் பக்கத்து ராஜபார்ட் ஒருவர் வந்தார். ராணிக்குத் தனிப்பேச்சு உண்டு என்று முன்கூட்டியே சொன்னேன். “பேசும்மா, அதுவரைக்கும் நான் டீ குடிச்சிட்டு வாரேன்” என்றார். அவ்வளவுதான். இதற்கா நீங்கள் அவ்வளவு பயந்தீர்கள்?

உங்களைத் திட்டுவதற்கென்றே வசனம் சேர்த்து வைத்திருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி. மீன் அலசும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அக்காள் பயந்தே போனாள். மேடையில் தனியே நின்றேன். நீங்கள் எழுதியது சரிதான், எதிரே யாரும் தெரியவில்லை. காடு எப்படி இருக்கும், எந்த மரத்தடியில் படுப்பேன், விடிந்ததும் முதலில் எந்தப் பாட்டை எடுப்பேன் என்று பேசிக்கொண்டே போனேன். கூட்டத்தில் குழந்தைகூடச் சிணுங்கவில்லை.

இனி நான் புதுக்கோட்டைக்கு வரமாட்டேன். என்னைக் கேட்டு வருபவர்களிடம் இந்த விலாசத்தைச் சொல்லிவிடுங்கள்.

பேசி முடித்து, தட்டிக்குப் பின்னால் வந்து தண்ணீர் குடித்தபோதுதான் எனக்கு உறைத்தது: ராஜாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. வேண்டுமென்று விடவில்லை மாமா. ஞாபகம் வரவில்லை.

திலகவதி