குலுக்கலில் விழுந்த பெயர்

4 ஆகஸ்ட் 1981, செவ்வாய்

மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். ஏரியில் யாரோ யாருடைய வலையையோ அறுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் பழவேற்காட்டில் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். இருந்தும் என்ன? பழைய கேஸ்காரன் என்று முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எட்டு வருஷமாக அதே பெஞ்சு.

வழியில் ஜலீலைப் பார்த்தேன். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறான். "இன்னா தருமு, இங்கயே குந்திக்கினு இருக்கப் போறியா? எங்க மொதலாளிக்குப் படகுல ஆள் வேணும். பாஸ்போர்ட் எடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். ஜெயிலுக்குப் போனவனுக்கு எவன் பாஸ்போர்ட் கொடுப்பான்? ஆனாலும் என் பெயரைச் சொன்னால் யாரும் முறைத்துப் பார்க்காத ஓர் ஊர் — நினைக்கவே இனிக்கிறது.

9 ஆகஸ்ட்

காலையிலிருந்து மழை. தொழிலுக்குப் போகவில்லை. பழசெல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது.

எழுபத்துமூன்று. ஏரியில் எந்த வலை எந்த நாள் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்போம். சீட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். அந்த வருஷம் பாடு பற்றிய தகராறில் பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவனுக்குக் கை உடைந்தது. போலீஸ் ஓர் ஆளைக் கேட்டது. அடித்தவனைக் காட்டிக்கொடுக்க ஊருக்கு மனசில்லை. ஊர்த்தலைவர் சம்பந்தம், பாடு குலுக்குகிற அதே பானையில் எல்லார் பேரையும் போட்டுக் குலுக்கினார். என் பேர் வந்தது. நான் சண்டை நடந்த பக்கமே போகவில்லை. ஆனால் குலுக்கலில் வந்தால் வந்ததுதான். நல்ல பாடு விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு இறால் அள்ளினவன்தானே நான்? ஆறு மாதம் கிடைத்தது.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் அது. அம்மணி பஸ்ஸும் ரயிலும் மாறி மெட்ராஸ் ஜெயிலுக்கு வருவாள். வறுத்த நெத்திலியை முந்தானையில் முடிந்து வருவாள். வார்டர் பாதியைத் தின்றுவிட்டு மீதியை விடுவார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு விடாமல் பேசுவாள். ஏரி முகத்துவாரம் கடலுக்குத் திறந்துகொண்டது, இறால் ஏறியது, எங்கள் நாய் குட்டி போட்டது... அவள் அப்படிப் பேசி அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அந்த நாட்கள் ஒரு தடவை திரும்பி வராதா என்று இருக்கிறது.

22 செப்டம்பர்

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்றே எழுதினேன். ஆறு மாதம்தானே, அதுவும் பழைய கதை, தடை இருக்காது என்கிறார் ஏஜென்ட்.

17 நவம்பர்

போச்சு! எல்லாம் போச்சு!

நான் ஏரியில் இருந்தபோது பாஸ்போர்ட் விசாரணைக்கு, ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் வந்திருக்கிறார். "தருமலிங்கம் வீடு எது?" குப்பத்துக்குள் போலீஸ் வந்து ஒருவன் பேரைக் கேட்டால் ஊர் என்ன சொல்லும்? அதையேதான் சொல்லியிருக்கிறது. சம்பந்தம், "அப்பிடி யாரும் இங்க இல்லியே சாமி." கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த காசியம்மாள், "பேரே புச்சா கீதே." எல்லாவற்றுக்கும் மேலே என் பெண்டாட்டி, என் வீட்டு வாசலில் நின்றுகொண்டே, "எனக்குத் தெரியாதுங்க."

ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கத்தித் தீர்த்துவிட்டேன். "ஜெயிலுக்கு அனுப்பறப்போ என் பேரு தெரிஞ்சிதே, இப்ப தெரிலியா?" அம்மணி, "மறுபடி உன்ன இட்டுனு போயிடுவாங்கன்னு பயந்துட்டேன் மாமா" என்று அழுதாள். அவளை என்ன சொல்ல?

19 நவம்பர்

இன்றைக்குக் குப்பமே பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு வந்தது. "முந்தாநாள் இல்லாத ஆளு இன்னிக்கு எங்கேந்துய்யா மொளச்சான்?" என்றார் இன்ஸ்பெக்டர். சம்பந்தம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "பொய் சொல்லிட்டோம் சாமி. இவன் எங்க ஊரு ஆளுதான். ஜெயிலுக்குப் போனதும் அவன் தப்பு இல்ல. சீட்டுல பேரு வந்துச்சு, போனான்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சீட்டு குலுக்கியா ஆளை ஜெயிலுக்கு அனுப்பினீங்க?" சிரிக்க ஆரம்பித்தவருக்குப் புரையேறி, தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. நல்லபடியாக எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அடித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குப்பம் மொத்தமும் தரையைப் பார்த்திருக்கும். அம்மணியின் அண்ணன் திருவேங்கடம் ஏற்கெனவே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

11 மார்ச் 1982

பாஸ்போர்ட் வந்தது! படத்தில் அசல் திருடன் மாதிரி இருக்கிறேனாம். அம்மணி சொல்கிறாள்.

2 ஜூன், மஸ்கட்

விமானத்தை விட்டு இறங்கி, சீருடையைக் கண்டதும் உட்காரப் பெஞ்சைத் தேடினேன். அதிகாரி பெயரைக் கேட்டார். சொன்னேன். முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார், போ என்று கையை அசைத்தார். இவ்வளவுதானா? ஒன்பது வருஷத்தில் சீருடைக்காரர் ஒருவர் பெயரைக் கேட்ட கையோடு என்னைப் போகவிட்டது இதுதான் முதல் தடவை. வெளியே ஜலீலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

14 ஆகஸ்ட்

இங்கே பாடும் இல்லை, குலுக்கலும் இல்லை. முதலாளி கைகாட்டுகிற இடத்தில் வலை.

6 பிப்ரவரி 1983

லீவில் போய் வந்த ஜலீல், அம்மணி பேசிய கேசட்டைக் கொண்டுவந்தான். தன் டேப்ரிக்கார்டரில் போட்டுவிட்டு அவன் வெளியே போய்விட்டான். நல்ல பிள்ளை.

"மாமா, இந்த வருஷம் பாடு குலுக்கினாங்க. வெளிநாடு போனவன் பேரு சீட்டுல கெடையாதுன்ட்டாங்க. எங்கண்ணன் சண்ட போட்டுப் பாத்துச்சு, சம்பந்தம் மாமா ஒத்துக்கல."

நியாயம்தான். முறை என்றால் முறை. ஆனாலும் என் பேர் இல்லாமலே எங்கள் ஏரியில் வலை இறங்குகிறது!

அவள் விடாமல் பேசிக்கொண்டே போனாள். "அப்பால இன்னொண்ணு. போன வாரம் ஏரில தகராறு. போலீஸ் வந்து தருமலிங்கம் எங்கன்னு மொதல்ல உன்னத்தான் கேட்டாங்க. மஸ்கட்ல கீதுன்னு சொன்னேன், நம்பல மாமா. கவுத்து வச்ச படகக்கூட பொரட்டிப் பாத்தாங்க!"

பின்னால் குப்பமே சிரிக்கிறது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். போலீஸ் தேடுகிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.